தொடாமல் போட்ட மதிப்பெண்

டாக்டர் தந்த தாளில் ஆறு கேள்விகள் இருந்தன. நாய் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, தானாக எழுந்து நடக்கிறதா, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, எதிலாவது ஆசை காட்டுகிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று, நன்றாக இருந்தால் கூடுதலாக, தினமும் நான் மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் அறுபது. முப்பதுக்குக் கீழே இறங்கி மூன்று நாள் அப்படியே நின்றால் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டால் ஊசியோடு வருவார். அவ்வளவுதான் ஏற்பாடு. ஓர் உயிர் இருப்பதா போவதா என்பது, சமையலறை ஜன்னலில் சாய்ந்துகொண்டு நான் எழுதும் எண்களில் இருந்தது.

நாங்கள் கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் குடியிருக்கிறோம். என் கணவரின் பாட்டனார் காலத்தில் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கிடங்கை இப்போது கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது. மலையாளத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குவாள். தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

நாய் எங்களுடையது என்று சொல்ல முடியாது. கிடங்குக் காவலுக்கு இருந்த மலையாளத்துப் பெரியவர், எல்லோருக்கும் சேட்டன், பன்னிரண்டு வருடம் முன்பு அதைக் குட்டியாகச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள எங்கள் மார்க்கத்தில் தடையில்லை. மாடிக்கு வரக்கூடாது, அதன் ஈரம் நம்மீது படக்கூடாது, அவ்வளவுதான். பட்டுவிட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். மகளுக்கு அவள் நடை பழகும்போதே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நாயைக் குளிப்பாட்டியது, உண்ணி எடுத்தது, தட்டிக் கொடுத்தது எல்லாம் சேட்டன். நாங்கள் மேலிருந்து சோறு போட்டோம். அலுமினியத் தட்டில் மீன் குழம்புச் சோற்றைக் கொட்டி, ஒரு கம்பால் அதன் பக்கம் தள்ளிவிடுவேன். பன்னிரண்டு வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை.

சேட்டன் போன வருடம் இறந்துபோனார். முற்றத்துச் சுவரோரம் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது. எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் நாய் ஓடைக்குள் விழுந்துவிட்டது. கிடங்கு ஆட்கள் சாக்கைப் போட்டுத் தூக்கினார்கள். அப்போதுதான் டாக்டரை வரவழைத்தோம். இளம் பெண், பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பள்ளுருத்தியிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தார். கண் அநேகமாகப் போய்விட்டது, காது கொஞ்சம்தான், சிறுநீரகம் பழுது, மூளையும் மங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். சோற்றில் கலந்து கொடுக்க மாத்திரை எழுதினார்.

"இத்தா, கண்ணால பார்த்தா மட்டும் போதாது. இதுக்கு ரோமம் நெறைய, எலும்பு வெளிய தெரியாது. தெனம் ஒரு வாட்டி முதுகுல கை வச்சு அமுக்கிப் பாருங்க. வயித்தத் தடவிப் பாருங்க, கட்டி ஏதாச்சும் வருதான்னு. சரியா?"

"சரி டாக்டர்," என்றேன்.

குணமாக வழியில்லாத வேதனையை நீட்டிக்க வேண்டியதில்லை என்று என் கணவர் மார்க்கம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. அதைத் தாள் சொல்லிவிடும் என்று நிம்மதியாக இருந்தோம்.

தொடுவதைப் பற்றியும் கணவரிடமே கேட்டேன்.

"காஞ்ச கை, காஞ்ச ரோமம்னா ஒண்ணுமில்ல. கழுவக்கூட வேணாம்."

"இந்த அடைமழையில இந்த ஊர்ல காஞ்சது எது இருக்கு, சொல்லுங்க? உங்க சுக்கே பூசணம் பிடிக்குது."

"அப்ப உறை மாட்டிக்க."

ரப்பர் கையுறை ஒரு பெட்டி வாங்கி வந்து படிக்கட்டில் வைத்தார். ஒரு நாள் மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாய் முற்றத்தின் மூலையில், சுவருக்கு ஒரு விரல் இடைவெளியில், மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. தூங்கவில்லை. எதையும் மோப்பம் பிடிக்கவில்லை. யாரோ நிற்கச் சொன்னதுபோல நின்றது. பக்கத்தில் போனேன். அது என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வால் மட்டும் மெதுவாக ஆடியது. என்னை நோக்கி அல்ல. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தொடாத ஒன்றைத் தொட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அன்று மாலை 'தொட்டால் வலிக்கிறதா' என்ற கேள்விக்கு எதிரே ஏழு என்று போட்டேன். மறுநாளும் ஏழு. பிறகு அந்த ஏழு பழக்கமாகிவிட்டது.

முதல் வாரம் மொத்தம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று இருந்தது. தட்டில் பாதிச் சோறு மீந்துவிடும். இரண்டாம் வாரம் ஒரு நாள் இருபத்தொன்பது வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன், "இன்னிக்கு இருபத்தொம்பது. இன்னும் ரெண்டு நாள் இப்படி வந்தா டாக்டருக்குப் போன் பண்ணணும்." மகள் ஆணத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. கேட்கவில்லை என்றே நினைத்தேன்.

மறுநாளிலிருந்து தட்டு காலியாகத் தொடங்கியது.

நான் மதியம் இரண்டரைக்குச் சோறு வைப்பேன். மகள் பள்ளியிலிருந்து வரும்போது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லிவிடுவார்கள். நான் முன்னறையில் தொழுவேன். அங்கிருந்து முற்றம் தெரியாது. தொழுது முடித்துச் சமையலறை ஜன்னலுக்கு வந்தால் தட்டு சுத்தமாக இருக்கும். சாப்பாட்டுக்கு ஒன்பது போட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொன்று என்று ஏறியது. என் கணவர் மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. நாய் சாப்பிட்ட தட்டை எனக்குத் தெரியும். நக்கி நக்கி முற்றத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போகும். மூலையில் முட்டியபிறகுதான் விடும். இந்தத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. விளிம்பில் நாக்குப் பட்ட பளபளப்பு இல்லை. வழித்து எடுத்ததுபோல நாலு விரல் தடம் மட்டும் குழம்பில் காய்ந்திருந்தது. விரல் தடம் என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. ஏதோ கோடுகள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சத்தம். முதல் நாள் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது கேட்டது. கீழே தரையில் கம்பு இரண்டு தடவை தட்டும் சத்தம். சற்றுப் பொறுத்து, மறுபடி இரண்டு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் 'ட்ச்' என்ற ஒலி. சேட்டன் நாயை அப்படித்தான் கூப்பிடுவார். மூங்கில் கம்பால் இரண்டு தட்டு, ஒரு 'ட்ச்'. பன்னிரண்டு வருடம் கேட்ட சத்தத்தை எப்படி மாற்றி நினைக்க முடியும்? தொழுகையை முறிக்கக் கூடாது. ஓதிக்கொண்டிருந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ரக்அத்துக்கு எழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. குவளையில் மொண்டு ஊற்றுவது, நிறுத்துவது, மொண்டு ஊற்றுவது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஏழு.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு ஓடி ஜன்னலைப் பார்த்தேன். யாரும் இல்லை. வெளிக்குழாயடியில் தரை நனைந்து, சிவப்பு மண் கரைந்து சாக்கடைப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. நாய் சேட்டனின் நாற்காலிக்கு முன்னால் படுத்திருந்தது. தலையைத் தூக்கி, கண்ணை மூடி, தாடையை நீட்டிக்கொண்டிருந்தது, யாரோ கழுத்தைச் சொறிந்துகொண்டே இருப்பதுபோல. நாற்காலி காலி.

தினமும் நடந்தது. தினமும் நான் தொழும்போது மட்டும்.

கிடங்கில் சுக்குப் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி எங்களோடு நெடுநாளாக இருப்பவள். அவளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "சாயங்காலம் முற்றத்துப் பக்கம் யாராவது வர்றாங்களா?"

"நாங்க மூணரைக்குப் போயிடுவோம்லே இத்தா. பின்ன யாரு வரும்?" என்றவள், நாய் இருந்த பக்கம் முகவாயைக் காட்டினாள். "அது நாற்காலியப் பார்த்து வாலாட்டுது, கண்டீங்களா? இந்த நாய்க்கு நம்மளவிட ஆள்பழக்கம் ஜாஸ்தி. போனவங்களையும் விடாது."

பக்கத்தில் இருந்தவள் முறத்தைத் தட்டிச் சிரித்தாள். "சேட்டன் சம்பள பாக்கி கேட்க வந்திருப்பாரு. முதலாளிகிட்டச் சொல்லுங்க இத்தா, ராத்திரி சுக்கு எண்ணத் தொடங்கிடப் போறாரு."

நானும் சிரித்தேன். படித்தவள், பத்து வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். கண் மங்கிய நாய் இல்லாததைப் பார்க்கும், மூளை மங்கினால் சுவரைப் பார்த்து நிற்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் கம்பைத் தட்டியது நாயின் மூளை இல்லையே. கணவரிடம் சொல்லவில்லை. மகள் பயந்துவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கீழே குளியலறையில் கை கால் கழுவிவிட்டு மேலே வரச் சொல்லியிருந்தேன். "கீழ ரொம்ப நேரம் நிக்காத" என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். "ம்," என்றாள்.

மூன்று வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. தாளில் எண்கள் நன்றாக இருந்தன. நாய் மட்டும் நாளுக்கு நாள் ரோமத்துக்குள் சுருங்குவதுபோலத் தோன்றியது. நிற்கும்போது பின்னங்கால்கள் நடுங்கின. கதவின் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, திறக்காத அந்த இடுக்கு வழியாகப் போக முட்டிக்கொண்டிருந்தது. நடைக்கு நான்கு போட்டேன். மொத்தம் அப்போதும் முப்பத்தேழு வந்தது. எண் சரியாக இருக்கும்போது நான் எதற்கு அவசரப்பட வேண்டும்?

அந்த நாள் மழை விடாமல் பெய்தது. எனக்கு மாதவிலக்கு, தொழுகை இல்லாத நாட்கள். மகளுக்கு அது தெரியாது. அஸர் பாங்கு சொன்னபோது சமையலறையில்தான் இருந்தேன். ஜன்னல் பலகையை மழைக்காக மூடி வைத்திருந்தேன். பாங்கு முடிந்தது. கம்பு இரண்டு தடவை தட்டியது.

பலகையை நான்கு விரல் அளவு திறந்தேன்.

நாற்காலியில் சேட்டன் உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் போடும் அந்தக் காக்கிச் சட்டை. வலது தோளில் அவரே போட்ட கறுப்பு நூல் தையல். குனிந்த முதுகு. கிடங்குச் சாய்ப்பின் நிழலில் தலை தெரியவில்லை. கை மட்டும் முழங்கால்களுக்கு நடுவே இருந்த நாயின் தலைமேல் போய்வந்துகொண்டிருந்தது. மழையில் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கி அணைந்த வாடை வந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்த உருவம் குனிந்து தட்டைக் கையில் எடுத்து, ஒரு வாய்ச் சோற்றை உருட்டி, நாயின் வாயருகில் நீட்டியது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டியது. நாய் மறுபடி திருப்பிக்கொண்டது. அப்போது அந்தக் காக்கிச் சட்டை குலுங்கத் தொடங்கியது. நிழலை விட்டுத் தலை முன்னால் வந்தது. பள்ளிச் சீருடையின் வெள்ளைத் தலைத்துணி.

என் மகள் தட்டுச் சோறு முழுவதையும் விரலால் வழித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். சட்டை முழங்கால் வரை தொங்கியது.

"உம்மா, கழுவிடுவேன். தெனமும் கழுவுறேன். ஏழு தடவை. செம்பருத்தித் தொட்டி மண்ணு போட்டு. சத்தியமா."

"கை இருக்கட்டும். அந்த உறையில என்ன?"

உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"எத்தனை நாளா?"

"முதல்ல கையில குடுத்தா தின்னுச்சு உம்மா. கொஞ்சம். இந்தச் சட்டை போட்டாத்தான் கிட்ட வரும். கெடங்குல ஆணியில கெடந்துச்சு, அவர் மணம் இருக்கு." அழுகைக்கு நடுவில் மலையாளம் கலந்து வந்தது. "பின்னே அதும் தின்னல. நீங்க போன் பண்ணிடுவீங்கன்னு தோட்டுல, அந்த ஓடையில, கொண்டு கொட்டினேன்."

"பின்னேன்னா எப்ப?"

"ரெண்டு வாரம்... அதுக்கும் மேல."

மாத்திரையும் அந்தச் சோற்றோடுதான் போயிருக்கிறது.

"அது வெறும் வயித்துல கெடந்திருக்கு. உனக்குத் தெரியலையா?"

நான் கத்தியிருக்கிறேன். அவளும் கத்தினாள். "உங்களுக்குத் தெரியலையா? தொட்டாலே தெரியும்ல! வயித்துல எவ்ளோ பெரிய கட்டி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஏழு போட்டிருக்கீங்க. நான் பார்த்தேன். தெனமும் ஏழு."

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். அவள் தினமும் பார்த்திருக்கிறாள். உம்மா தொட்டுப் பார்த்துத்தான் ஏழு போடுகிறாள், அப்படியென்றால் கட்டி ஒன்றும் மோசமில்லை என்று முதலில் நம்பியிருக்கிறாள். பிறகு நான் தொடுவதே இல்லை என்று புரிந்திருக்கிறது. புரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் எண் குறைந்துவிடும்.

நான் உட்கார்ந்தேன். நாய் என்னை அறியாமல் சுவரைப் பார்த்து நின்றது. ரோமம் நனைந்து கற்றை கற்றையாக இருந்தது. முதுகில் கை வைத்தேன்.

எத்தனையோ நாள் ஜன்னலிலிருந்து பார்த்த உடம்பு அது இல்லை. முதுகெலும்பு கணு கணுவாக உள்ளங்கையில் ஏறியது. இடுப்பில் தசையே இல்லை, தோல் மட்டும் நகர்ந்தது. வயிற்றுக்குக் கீழே கையைக் கொண்டுபோனபோது என் மூடிய கையளவு பெரிதாக, சூடாக ஏதோ தட்டுப்பட்டது. நாய் முனகவில்லை. மூச்சு மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. பிறகு மெதுவாகத் தன் பாரத்தையெல்லாம் என் கைமேல் சாய்த்தது. பாரம் என்று எதுவும் இல்லை.

"கூப்பிடாதீங்க உம்மா," என்றாள் மகள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். மழை விட்டிருந்தது. தாளை நீட்டினேன். ஒவ்வொரு நாளாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், தாளை மறுபடி பார்த்தார்.

"இத்தா, இது இந்த நாயோட தாள் இல்ல."

நடந்ததைச் சொன்னேன். என் ஏழுகளை முதலில் சொன்னேன். மகள் செய்ததைப் பிறகு. மகள் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கணும் நான்," என்றார். அவ்வளவுதான். பிறகு மகளைப் பார்த்து, "மோளே, நீ மேல போறியா?"

"இல்ல. நான் நிக்கிறேன்."

"அப்ப தலைப்பக்கம் உட்காரு. அது உன் மணம் அறியும். இத்தா, நீங்க நெஞ்சுப் பக்கம் பிடிச்சுக்கங்க. அழுத்த வேணாம், கை இருந்தா போதும்."

சாக்கின் மேல் படுக்க வைத்தோம். என் கணவர் கிடங்கு வாசலில் ஆட்களை உள்ளே விடாமல் நின்றார். முதல் ஊசி தூங்க வைப்பது, இரண்டாவதுதான் அது என்று டாக்டர் சொல்லிச் சொல்லிச் செய்தார். மகள் அதன் காதருகே குனிந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குப் பெயர் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். சேட்டன் வைத்ததா, இவள் வைத்ததா என்று கேட்கவில்லை. அதை இங்கே எழுதவும் மாட்டேன்.

என் உள்ளங்கை அதன் விலாவில் இருந்தது. துடிப்பு தெரிந்தது, மெல்லிய துடிப்பு. இரண்டாவது ஊசி போனது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். சற்று நேரம் கழித்துக் காதிலிருந்து எடுத்தார்.

"கழிஞ்சு. முடிஞ்சுது," என்றார்.

"இல்ல டாக்டர். இன்னும் அடிக்குது."

மறுபடி வைத்துக் கேட்டார். தலையை அசைத்தார்.

"அடிக்குது டாக்டர். கையில தெரியுது. நல்லாத் தெரியுது. இன்னொரு தடவை பாருங்க."

மூன்றாவது தடவையும் கேட்டார். இந்த முறை குழாயை எடுக்காமல், இன்னொரு கையால் என் மணிக்கட்டைத் தொட்டார்.

"அது உங்க நாடி இத்தா."

நான் நம்பவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் கையை அதன் நெஞ்சில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, எனக்காகப் பார்த்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள்.

"இல்ல உம்மா," என்றாள். "நின்னுடுச்சு. கைய எடுங்க."